மச்சாளுக்கு நான் செய்த தோட்டாக்கள்

அந்தச் சனிக்கிழமை காலை நான் பேஸ்மென்றுக்கு இறங்கியது தராசைத் துடைத்து மூடி வைக்க மட்டுந்தான்.

ஒக்டோபர் மாதம். நிலமட்டத்தில் இருந்த சின்ன யன்னலின் வெளிப்பக்கம் இலைகள் நனைந்து ஒட்டிக் கிடந்தன. என் கணவர் நேசன் விடியவே வேலைக்குப் போயிருந்தார். அவருடைய அக்கா, என் மச்சாள், அதற்கும் முன்பே வெளிக்கிட்டுவிட்டார். றைபிளையும், நான் முதல்நாள் செய்து முடித்த இரண்டு பெட்டித் தோட்டாக்களையும் காரில் வைத்துக்கொண்டு, ஒஷாவாவுக்கு அப்பால் வயல்களுக்கு நடுவில் இருக்கிற சுடும் மைதானத்துக்கு. அந்த வருஷத்தின் கடைசிப் போட்டி அன்றைக்கு.

தராசு என்றால் மளிகைக் கடைத் தராசு அல்ல. ஒரு பக்கம் சின்னத் தட்டு. மறுபக்கம் பல் பல்லாக வெட்டுப் போட்ட கோல். கோலின்மேல் நகர்த்தி வைக்கிற மூன்று குண்டுகள். எந்தக் குண்டு எந்த வெட்டில் நிற்கிறதோ அதுதான் நிறை. மச்சாளின் றைபிளுக்கு எந்தெந்த வெட்டு என்று கண்டுபிடிக்க எனக்கு ஒரு வருஷத்துக்கு மேல் பிடித்தது. நித்திரையில் எழுப்பிக் கேட்டாலும் சொல்லியிருப்பேன்.

துணியோடு குனிந்தபோது நடுக் குண்டு கண்ணில் பட்டது. அது நிற்கவேண்டிய வெட்டில் இல்லை. ஒரு வெட்டுத் தள்ளி நின்றது. கூடின பக்கமாக.

முதலில் ஒன்றும் விளங்கவில்லை. பிறகு விளங்கியது. முதல்நாள் பின்னேரம் நான் நிறுத்துப் போட்ட வெடிமருந்தில் எவ்வளவு இந்தப் பிழையான நிறையோடு போனது? எங்கள் அளவு ஏற்கெனவே மேல் எல்லைக்குக் கிட்டத்தான் இருந்தது. அதற்கு மேல் ஒரு வெட்டு என்றால் துவக்கு சிதறித்தான் போகும் என்று சொல்லமாட்டேன். ஆனால் மருந்தை அடைக்கிற பித்தளைக் கோதுகள் பழையவை. பலமுறை சுட்டுச் சுட்டுத் திரும்ப நிரப்பியவை. ஒரு கோது பின்பக்கமாக வெடித்தால் நெருப்பும் புகையும் வருகிற வழியில் ஒரு சாண் தூரத்தில் மச்சாளின் கண் இருக்கும்.

மச்சாளும் நானும் ஒரு சொல் கதைத்து அப்போது ஒரு மாதத்துக்கு மேலாகியிருந்தது.

பஸ் ஓட்டுகிற மச்சாள்

தேவகி மச்சாளைப் பற்றிச் சொல்லாமல் இதற்குமேல் போக முடியாது.

எங்கள் குடும்பத்தில் கனடாவுக்கு முதலில் வந்தவர் அவர்தான். தம்பியைக் கூப்பிட்டார். பிறகு தம்பி பெண்சாதியாக என்னையும் கூப்பிட்டார். அஜின்கோர்ட்டில் அவருடைய வீட்டில்தான் நாங்களும் இருந்தோம். வேலை, பள்ளிக்கூட பஸ் ஓட்டுவது. பனி கொட்டுகிற காலையில் அந்த நீட்டு மஞ்சள் பஸ்ஸை ஒற்றைக் கையால் வளைத்துத் திருப்புவார். நாற்பதைத் தாண்டிய, கலியாணம் கட்டாத, பெரிய குரல் உள்ள பெண்.

என் சமையலில் அவருக்கு நம்பிக்கை இல்லை. நான் வைத்த எந்தக் கறியையும் அகப்பையால் தொட்டு நாக்கில் வைத்துப் பார்த்து, மேலதிகமாக ஒரு விரலளவு உப்புப் போட்டுவிட்டுத்தான் மேசைக்குக் கொண்டுபோவார். வந்த புதிதில் இதற்காக நான் குளியலறையில் போய் அழுததுண்டு.

அவரோடு பஸ் ஓட்டிய மார்கிரற் என்ற வெள்ளைக்கார அம்மா ஒரு ஞாயிற்றுக்கிழமை அவரைச் சுடும் மைதானத்துக்குக் கூட்டிக்கொண்டு போனார். மார்கிரற் இளமையில் பரிசுகள் வாங்கியவர். விளையாட்டாகப் போன மச்சாள் அடுத்த கிழமையும் போனார். பிறகு வகுப்புக்குப் போய், பொலிஸில் பதிந்து, உரிமம் எடுத்து, ஒரு பழைய போட்டி றைபிளும் வாங்கிவிட்டார்.

தமிழ்ச் சனத்துக்குள் இந்தக் கதை எப்படி ஓடியிருக்கும் என்று நான் சொல்லத் தேவையில்லை. “பிள்ளை, உங்கடை வீட்டிலை துவக்கு இருக்காமே?” என்று போன் எடுத்துக் கேட்டவர்கள் உண்டு. ஆருக்காக வாங்கினது, எங்கே அனுப்பப்போறது என்றெல்லாம் கேள்வி. இரும்புப் பெட்டியில் பூட்டிக் கிடந்த ஒரு துவக்குக்கு நாளுக்கொரு கதை கட்டினார்கள்.

“ஏன் மச்சாள் உது உங்களுக்கு?” என்று நானும் ஒருநாள் கேட்டேன்.

“அங்கை போனா எல்லாரும் வயித்திலை படுத்திருப்பினம். காதிலை அடைப்பு. ஒருத்தரும் ஏன் கலியாணம் கட்டேல்லை எண்டு கேக்க மாட்டினம்,” என்றார்.

கூட்டிக்கொண்டு போவதற்கு என்னையும் கேட்டார். நான் மாட்டேன் என்றேன். ஊரில் கேட்ட வெடிச்சத்தம் எனக்கு இந்தப் பிறவிக்குப் போதும். அவர் திரும்ப வற்புறுத்தவில்லை.

ஒரு நேரத்தில் ஒன்று

கடையில் விற்கிற தோட்டா, அளவெடுக்காமல் தைத்து அடுக்கி வைத்த சட்டை மாதிரி. எல்லோருக்கும் பொருந்தும், ஒருவருக்கும் சரியாகப் பொருந்தாது. நல்லாகச் சுடுகிறவர்கள் தங்கள் துவக்குக்கென்று தாங்களே செய்துகொள்வார்கள். சுட்ட கோதைத் துப்பரவாக்கி, பழைய வடிவத்துக்கு நெருக்கி, அடியில் புதிதாக, தட்டினால் பொறி தருகிற ஒரு சின்னக் கேப் வைத்து, மருந்தை நிறுத்து ஊற்றி, மேலே சன்னத்தை, அதாவது பறந்துபோகிற ஈய முனையை, அழுத்திப் பொருத்துவது. எழுதும்போது ஒரு வரி. செய்யும்போது ஒரு பின்னேரம்.

மார்கிரற்றுக்கு விரல்களில் வாதம் வந்தபோது கோதை நெருக்குகிற தன்னுடைய அச்சு, தராசு எல்லாவற்றையும் மச்சாளிடம் கொடுத்துவிட்டார். மச்சாள் பேஸ்மென்றில் மேசை போட்டு இருந்து பார்த்தார். அவருக்குப் பொறுமை போதாது. தராசின் முள் ஆடி முடியமுன்னம் “சனியன், நில்லன்!” என்று கத்துவார். உடுப்புத் தோய்க்கிற மெஷின் பக்கத்தில்தான் இருந்தது. ஒருநாள் நான் காய்ந்த துணிகளை மடித்தபடி பார்த்துக்கொண்டிருந்தேன்.

“மச்சாள், தள்ளுங்கோ. நான் ஒருக்காப் பாக்கிறன்.”

கறுப்பு நூலைப் பொடிப் பொடியாக வெட்டிப் போட்ட மாதிரி இருந்தது மருந்து. கரண்டியால் கொஞ்சம் குறையப் போட்டு, மிச்சத்தைச் சின்னக் குழாயால் ஒவ்வொரு துகளாகத் தூவவேண்டும். முள் மெல்ல எழும்பி, நடுக்கோட்டில் வந்து மூச்சுப்பிடித்து நிற்கும். அந்த நிலை எனக்குப் பிடித்துப்போனது. அன்றிலிருந்து அந்தக் கதிரை என்னுடையது.

நான் வேலை செய்த போட்டோக் கடையைப் பற்றி முந்திய கிழமைகளில் எழுதியிருக்கிறேன். ஒரு மணித்தியாலத்தில் படம் கழுவிக் கொடுக்கிற கடை. அங்கே எனக்குச் சொல்லித் தந்த முதல் பாடம், படத்தில் முகம் பச்சையாக விழுந்தால் எல்லாப் பித்தானையும் ஒன்றாகத் திருப்பாதே என்பது. ஒன்றைத் திருப்பு. அச்சடி. பார். பிறகு அடுத்தது. இரண்டை ஒன்றாகத் திருப்பினால், சரிவந்தாலும் எதனால் சரிவந்தது என்று தெரியாது. பிழைத்தாலும் தெரியாது.

தோட்டாவுக்கும் அதையே செய்தேன். தோட்டா செய்கிறவர்களுக்கான புத்தகத்தில் போட்டிருக்கிற குறைந்த அளவில் தொடங்கி, ஒவ்வொரு கிழமையும் மருந்தை மட்டும் துளித் துளியாகக் கூட்டினேன். மச்சாள் ஐந்து ஐந்தாகச் சுட்டு, ஓட்டை விழுந்த கடதாசியைச் சுருட்டிக்கொண்டு வருவார். அதைச் சோற்று மேசையில் விரிப்போம். முதல் கடதாசிகள் சோளம் எறிந்த மாதிரி. ஒரு கட்டத்துக்கு வந்ததும் மருந்தை அப்படியே விட்டுவிட்டு, சன்னம் எவ்வளவு ஆழம் இறங்குகிறது என்பதை மாற்றினேன். பிறகு கோதுகளை நிறுத்து ஒரே நிறையானவற்றைச் சேர்த்தேன். ஓட்டைகள் கிட்டக் கிட்ட வந்தன. இரண்டாவது கோடையில் ஒருநாள் மச்சாள் கடதாசியை விரித்து, ஒரு டொலர்க் காசை எடுத்து ஐந்து ஓட்டைகளின் மேலும் வைத்தார். ஒன்றும் வெளியே தெரியவில்லை.

எங்களுக்குள் ஓர் ஒப்பந்தமும் இருந்தது. அறுநூறு யார், அதாவது அரைக் கிலோமீற்றருக்கு மேற்பட்ட தூரத்தில் சன்னம் இடம் வலமாகப் போனால் அது காற்று. காற்றைப் பார்ப்பது சுடுகிறவரின் வேலை. மேலே கீழே போனால் ஒரு தோட்டா வேகமாகவும் ஒன்று மெதுவாகவும் போகிறது. அது செய்தவரின் வேலை.

“இடம் வலம் என்ரை பிழை. மேலை கீழை உன்ரை பிழை,” என்பார் மச்சாள்.

ஒரேயொரு கரைச்சல், ஹீற்றர். அது இயங்கத் தொடங்கினால் பேஸ்மென்ற் முழுவதும் மெல்லிய காற்று ஓடும். தராசின் முள் பேய் பிடித்தமாதிரி ஆடும். ஆகையால் மருந்து நிறுக்கும்போது நான் ஹீற்றரை நிப்பாட்டிவிடுவேன். மாசி மாதத்தில்கூட. மேலே நேசன் போர்வையைச் சுற்றிக்கொண்டு படியில் நின்று, “ஒரு வீட்டிலை ரெண்டு விசரியள்!” என்று கத்துவார். நாங்கள் இரண்டுபேரும் கீழே சத்தம் போடாமல் சிரிப்போம்.

உப்பை நம்பாத மச்சாள் என் மருந்தை நம்பினார். இதை நான் அவரிடம் ஒருநாளும் சொன்னதில்லை.

படியில் வைத்த வாளி

பிக்கரிங்கில் வீடு பார்க்கவேண்டும் என்பது நேசனின் ஆசை. புது வீடுகள், ரயில் பிடித்தால் வேலைக்கு நேரே போகலாம். எனக்கும் விருப்பந்தான். இரண்டு மூன்று ஞாயிறு போய்ப் பார்த்தோம். “அக்காவுக்கு நான் சொல்லுறன்,” என்றார் நேசன். சொல்லுவார் என்று நானும் இருந்தேன்.

மச்சாளுக்கு அது தமிழ்க் கடை ஒன்றில் மரக்கறி தெரிந்தெடுத்துக்கொண்டு நின்றபோது தெரியவந்தது. “தம்பியாக்கள் பிக்கரிங் போகினமாம், நீங்களும் போறியளோ?” என்று யாரோ கேட்டிருக்கிறார்கள்.

அன்று பின்னேரம் வீட்டுக்கு வந்தவர் வாங்கிவந்த சாமான்களைக் குசினியில் வைத்துவிட்டுத் தன் அறைக்குப் போனார். சத்தம் போடவில்லை. அதுதான் பயம். அடுத்தநாள் கறியில் உப்புப் பார்க்கவில்லை. அதற்கு அடுத்தநாளும் பார்க்கவில்லை. நேசனோடு தேவைக்கு ஒரு சொல். என்னோடு அதுவுமில்லை.

இரண்டு தடவை நான் கதவடியில் போய் நின்றேன். “மச்சாள்,” என்று கூப்பிட்டேன். ரேடியோவின் சத்தம் கூடியது.

ஆனால் வெள்ளிக்கிழமை நான் வேலையால் வந்தபோது பேஸ்மென்ற் படியின் மேல்தட்டில் பழைய ஐஸ்கிறீம் வாளி இருந்தது. உள்ளே சுட்ட கோதுகள். வழக்கமாக அவர் என் கையில் தருகிற வாளி.

நான் அதை எடுத்துக்கொண்டு இறங்கினேன். துப்பரவாக்கி, நெருக்கி, நிறுத்து, நிரப்பி, பெட்டியில் அடுக்கி அதே படியில் வைத்தேன். காலையில் பெட்டி இல்லை. அடுத்த வெள்ளி திரும்ப வாளி.

அப்படியே ஒரு மாதம். ஒரு சொல்லும் இல்லாமல்.

“இதென்ன, பயறோ?”

கடைசிப் போட்டிக்கு முதல்நாள் பின்னேரம் நான் மேசையில் இருந்தேன். பாதிக்கு மேல் முடிந்துவிட்டது. மேலே மணி அடித்தது. நான் எழும்பமுன்னமே புஷ்பம் அன்ரி கதவைத் திறந்துகொண்டு படியிறங்கி வந்துவிட்டார். இரண்டு வீடு தள்ளி இருந்தவர். மகள் பெரியபிள்ளையானதற்குச் செய்கிற சாமத்தியவீட்டுக்கு அழைக்க வந்திருந்தார்.

“என்ன பிள்ளை இந்தக் குளிருக்குள்ளை? ஹீற்றர் பழுதோ?”

“இல்லை அன்ரி. இருங்கோ.”

இருக்க இடம் தேடிய அன்ரி, தன் பெரிய தோல்பையை மேசையில் பொத்தென்று வைத்தார். மருந்துக் கரண்டிக்குள் எட்டிப் பார்த்தார்.

“இதென்ன, பயறோ? கறுப்பா இருக்கு.”

“வெடிமருந்து அன்ரி.”

அன்ரி துள்ளிப் பின்வாங்கினார். பின்வாங்கிய வேகத்தில் பையையும் இழுத்தார். “முருகா! நான் மேலை நிண்டு சொல்லுறன்,” என்று படியின் நடுவில் நின்றுகொண்டு மண்டபம், பலகாரம், மணவறைக்காரர் பற்றியெல்லாம் சொல்லிவிட்டுப் போனார். எனக்குச் சிரிப்பு வந்தது. சிரித்துக்கொண்டே மிச்சத்தைத் தொடர்ந்தேன்.

கரண்டியால் போட்டதற்குமேல் வழமையைவிடக் கூடத் தூவவேண்டி இருந்தது. கரண்டியைக் குறைய அள்ளுகிறேன் என்று நினைத்தேன். முள் நடுக்கோட்டில் நின்றது. நான் முள்ளைத்தான் பார்த்தேன். குண்டைப் பார்க்கவில்லை.

அன்ரியின் கார்

இதெல்லாம் அந்தச் சனிக்கிழமை காலை, துணியைப் பிடித்தபடி நின்ற இடத்தில் எனக்கு ஒன்றன்பின் ஒன்றாக ஓடியது. அன்ரியின் பை. இழுத்த வேகத்தில் அது தராசில் தட்டியிருக்கவேண்டும். அதற்குப் பிறகு நிரப்பியவை எல்லாம் இரண்டாவது பெட்டியில்.

மைதானத்துக் கொட்டிலில் ஒரு போன் இருந்தது. அடித்தது, அடித்தது, ஒருவரும் எடுக்கவில்லை. சுடத் தொடங்கினால் கொட்டிலில் யாரும் இருக்கமாட்டார்கள். நேசனின் வேலைத்தலத்துக்கு எடுத்தால், அவர் லொறியில் சாமானோடு வெளியே போய்விட்டார் என்றார்கள். எங்களிடம் இருந்த மற்றக் காரும் அவரோடு போயிருந்தது.

சப்பாத்தைக் கொழுவிக்கொண்டு ஓடிப்போய்ப் புஷ்பம் அன்ரியின் கதவைத் தட்டினேன்.

“அன்ரி, கார் எடுங்கோ. மச்சாளிட்டைப் போகவேணும். கெதியா!”

“எங்கை, கடைக்கோ?”

“ஒஷாவாவுக்கு அங்காலை.”

அன்ரியின் முகம் வெளிறியது. அவர் கார் ஓட்டப் பழகி உரிமம் எடுத்தே கொஞ்சக் காலந்தான். கடை, கோயில், பிள்ளையின் பள்ளிக்கூடம், இவ்வளவுதான் அவருடைய ஓட்டம். ஹைவேயில் ஒருநாளும் ஏறியதில்லை. நான் நடந்ததைச் சொன்னேன். பையின் கதையை மட்டும் சொல்லவில்லை. அவர் என் முகத்தைப் பார்த்தார். உள்ளே போய்ச் சாமியறையில் திருநீறு பூசிக்கொண்டு, திறப்போடு வந்தார்.

“பிள்ளை, நீ பின்னுக்குப் பாத்துச் சொல்லு. நான் முன்னுக்குப் பாக்கிறன்.”

ஹைவேயில் ஏறும்போது அன்ரி கண்ணை மூடிவிட்டாரோ என்று எனக்குச் சந்தேகம். பெரிய லொறி ஒன்று பக்கத்தால் இரைந்துகொண்டு போனது. கார் ஆடியது. அன்ரி ஸ்ரியரிங்கை மார்போடு அணைத்தபடி கந்தசஷ்டிக் கவசம் சொல்லத் தொடங்கினார். எல்லாக் காரும் எங்களைக் கடந்து போயின.

“அன்ரி, காலைக் கொஞ்சம் அமத்துங்கோ.”

“அமத்தித்தான் இருக்கிறன் பிள்ளை!”

பிக்கரிங் போகும் வழியின் பலகை கடந்தது. நான் பார்க்காமல் மறுபக்கம் திரும்பிக்கொண்டேன். அந்த நேரத்தில் எனக்கு வீடும் வேண்டாம், ஒன்றும் வேண்டாம். போட்டி முதலில் கிட்டிய தூரத்தில் நடக்கும், பிறகுதான் அறுநூறு யாருக்குப் போவார்கள் என்று மச்சாள் சொல்லியிருக்கிறார். முதல் பெட்டியை முடித்துவிட்டுத்தான் இரண்டாவதைத் திறப்பார். எதையும் வரிசையாகச் செய்கிறவர். அந்த ஒரு குணத்தைப் பிடித்துக்கொண்டுதான் காருக்குள் இருந்தேன்.

நிப்பாட்டுங்கோ

மண் ஒழுங்கையில் திரும்பியபோதே சத்தம் கேட்டது.

அவ்வளவு காலமும் ஆயிரக்கணக்கான தோட்டாக்களை இந்தக் கையால் செய்திருக்கிறேன். ஒன்று வெடிக்கிற சத்தத்தை அன்றுதான் முதலில் கேட்டேன். உடம்பு தானாகக் குனிந்தது. அன்ரி, “பிள்ளை, போகாதை,” என்றார். நான் இறங்கினேன்.

புல்மேட்டில் வரிசையாகப் பலர் வயிற்றில் படுத்திருந்தார்கள். பின்பக்கம் பார்த்தால் எல்லோரும் ஒன்று. தடித்த தோல் சட்டை, தொப்பி, அகட்டிய கால்கள். வலது கரையில் ஒரு நீலச் சப்பாத்து. நான் நத்தார்ப் பண்டிகைக்கு வாங்கிக் கொடுத்த சப்பாத்து. அந்தக் கால்களுக்கு உரியவர் றைபிளின் பூட்டை உள்ளங்கையால் அடித்துத் திறந்துகொண்டிருந்தார். ஒருமுறை. இருமுறை. சாதாரணமாக அது இரண்டு விரலால் திறக்கிற பூட்டு.

அது திறந்தது. கோது தெறித்து விழுந்தது. அவருடைய கை அடுத்த தோட்டாவை எடுக்கப் போனது.

“மச்சாள்! சுடாதேங்கோ! நிப்பாட்டுங்கோ!”

வாயில் தமிழ்தான் வந்தது. யாருக்கு விளங்கியதோ தெரியாது, ஆனால் அந்த மைதானத்தில் யார் எந்த மொழியில் கத்தினாலும் எல்லோரும் நிறுத்தவேண்டும் என்பது சட்டமாம். பொறுப்பாக நின்ற மனிதர் கையை உயர்த்தி, “சீஸ் ஃபயர்!” என்று முழங்கினார். வரிசை முழுவதும் அமைதியானது.

மச்சாள் காதடைப்பைக் கழற்றி, படுத்தபடியே தலையைத் திருப்பினார். என்னைக் கண்டதும் அவர் நினைத்தது வேறு.

“ஊரிலை ஆருக்கு என்ன?” என்றார். முகம் சாம்பலாகிவிட்டது.

“ஒருத்தருக்கும் ஒண்டுமில்லை. தோட்டா பிழை. ரெண்டாவது பெட்டி. மருந்து கூடிப்போச்சு. தராசு தள்ளி இருந்தது மச்சாள், நான் பாக்கேல்லை...”

மூச்சு வாங்கியது. அவர் எழும்பி முழங்காலில் இருந்தார். விழுந்த கோதை எடுத்து அடியைப் பார்த்தார். எனக்கும் காட்டினார். கேப் தட்டையாக நசுங்கி இருந்தது. மருந்தின் அழுத்தம் கூடினால்தான் அப்படி நசுங்கும், பூட்டும் இறுகும்.

“ரெண்டு சுட்டிட்டன்,” என்றார். “ரெண்டும் மேலை போச்சு. பூட்டும் திறக்கேல்லை.”

“பிறகேன் மச்சாள் மூண்டாவதை எடுத்தனீங்கள்?”

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். ஒரு மாதத்துக்குப் பிறகு நேராகப் பார்த்த முதல் பார்வை.

“மேலை கீழை எண்டா உன்ரை பிழை. உனக்குப் பிழை வராது எண்டு நினைச்சன். துவக்கிலைதான் என்னவோ எண்டு நினைச்சன்.”

எனக்குக் கோபம் வந்தது. இப்போது யோசித்தாலும் வியப்பாக இருக்கிறது. நன்றி வரவில்லை, அழுகை வரவில்லை, கோபந்தான் வந்தது.

“ஆர் சொன்னது எனக்குப் பிழை வராது எண்டு? பிழை வரும் எண்டு பயந்துதானே ஒவ்வொண்டையும் நிறுக்கிறன்! கையிலை பூட்டு இறுகினா, கையை நம்ப வேண்டாமோ? என்னையோ நம்புறது?”

வெள்ளைக்காரர்கள் எங்களைச் சுற்றி நின்று பார்த்தார்கள். போட்டி பார்க்க வந்திருந்த மார்கிரற், ஒன்றும் விளங்காமலே, இரண்டாவது பெட்டியை எடுத்து மூடித் தன் கைக்குள் வைத்துக்கொண்டார்.

குழிக்குள்

தங்கள் தோட்டாவால் சுடலாம் என்று இரண்டுபேர் எடுத்துத் தந்தார்கள். மச்சாள் வேண்டாம் என்றுவிட்டார். அந்த வருஷம் முழுவதும் நல்லாகச் சுட்டவர். காலையில் கிட்டிய தூரத்தில் அவர்தான் முன்னுக்கு நின்றாராம். அதையும் மார்கிரற் சொல்லித்தான் அறிந்தேன்.

சுடாதவர்கள் இலக்குகளை இழுக்கக் குழிக்குப் போகவேண்டும் என்பது அங்குள்ள முறை. “நீயும் வா,” என்றார் மச்சாள். அன்ரி கொட்டிலுக்குள் மார்கிரற்றோடு இருந்து பிஸ்கற் சாப்பிட்டபடி, ஹைவேயில் தான் வந்த வீரத்தைத் தமிழும் ஆங்கிலமும் கலந்து சொல்லத் தொடங்கியிருந்தார்.

குழி என்பது மண் அணைக்குப் பின்னால் நீளமாக வெட்டிக் கொங்கிறீற் கட்டிய பள்ளம். தலைக்கு மேலே உயரத்தில் இலக்குகள் நிற்கும். ஒவ்வொரு வெடிக்கும் ஒவ்வொன்றாகக் கீழே இறக்கி, ஓட்டையில் வட்டத் தகடு ஒன்றைக் குத்தி, பழைய ஓட்டைக்குக் கடதாசி ஒட்டி, திரும்ப மேலே ஏற்றவேண்டும். அப்போதுதான் அறுநூறு யாருக்கு அப்பால் படுத்திருப்பவருக்குத் தன் சன்னம் எங்கே பட்டது என்று தெரியும்.

முதல் சன்னம் தலைக்கு மேலால் போனபோது நான் நிலத்தில் குந்திவிட்டேன். அது வெடிச்சத்தம் அல்ல. சாட்டையைக் காதுக்குப் பக்கத்தில் சுண்டிய மாதிரி ஒரு கீச்சு. எனக்கு அந்தச் சத்தம் ஊரிலிருந்தே தெரியும். மச்சாளுக்கும் தெரியும். அவர் தன் காதடைப்பைக் கழற்றி எனக்குப் போட்டுவிட்டு, தோளில் கையை வைத்துக்கொண்டு என் பக்கத்திலேயே குந்தினார். நான்கைந்து வெடிகள் போகுமட்டும் அந்தக் கையை எடுக்கவில்லை. எங்கள் இலக்கைப் பக்கத்து இலக்கில் நின்ற பையன்தான் பார்த்துக்கொண்டான்.

பிறகு எழும்பினேன். அவர் இழுக்க, நான் ஒட்டினேன்.

ஒரு வெடிக்கும் அடுத்த வெடிக்கும் இடையில் கிடைத்த நேரத்தில் நாங்கள் கதைத்தோம். தொடர்ச்சியாகக் கதைக்க இடமில்லாததும் நல்லதாகத்தான் போயிற்று.

“நீங்கள் போறதிலை இல்லை எனக்குக் கோவம்,” என்றார் மச்சாள். மேலே கீச்சென்றது. இறக்கினோம், ஏற்றினோம். “கத்தரிக்காயைக் கையிலை வைச்சுக்கொண்டு நிக்கிறன். ஆரோ ஒருத்தி வந்து என்ரை வீட்டுக் கதையை எனக்குச் சொல்லுறாள்.”

“இவர் சொல்லுறன் எண்டவர்.”

“தம்பி சொல்ல மாட்டான். சின்னனிலை பரிசு கிடைச்சதைக்கூட மறைச்சு வைச்சிருந்தவன். ஆனால் நீ? ஒவ்வொரு நாளும் எனக்கு முன்னாலை இருந்து சாப்பிட்டனீ.”

கையில் ஒட்டிய பசையைக் காற்சட்டையில் துடைத்தேன்.

அந்த மார்கழியில் நாங்கள் பிக்கரிங்குக்கு வீடு மாறினோம். மச்சாள் வரவில்லை. கூப்பிட்டோம், தன் வீடு தனக்கு வேண்டும் என்றார். ஆனால் வெள்ளிக்கிழமை பின்னேரங்களில் நான் அஜின்கோர்ட்டுக்குப் போய்விடுவேன். ஒரு மாற்றம் மட்டும் நடந்தது. நான் நிறுக்கும்போது அவர் பக்கத்தில் கதிரை போட்டு இருப்பார். சன்னம் பொருத்துவதற்கு முன் டோர்ச் லைற் அடித்து ஒவ்வொரு கோதுக்குள்ளும் பார்ப்பார். எழும்பிப் போகமுன்னம் மூன்று குண்டுகளையும் ஒருமுறை விரலால் தொட்டு வாய்விட்டுச் சொல்லுவார். முதலில் எனக்கு ஒருமாதிரி இருந்தது. பிறகு யோசித்துப் பார்த்தேன். கண்ணை மூடிக்கொண்டு என்னை நம்பிய மச்சாளைவிட, பக்கத்தில் இருந்து டோர்ச் அடிக்கிற இந்த மச்சாளோடுதான் எனக்குப் பயமில்லாமல் இருந்தது.

ஆனால் அன்றைக்குக் குழிக்குள் இது ஒன்றும் எங்களுக்குத் தெரியாது. குளிர் இறங்கிக்கொண்டிருந்தது. எங்கள் இலக்குக்குச் சுடுகிறவர் நிதானமானவர், இடைவெளி விட்டுச் சுட்டார்.

“நான் பயந்திட்டன் மச்சாள்,” என்றேன்.

“என்னத்துக்கு?”

“சொன்னா, போகாதை எண்டு சொல்லுவியள் எண்டு.”

மச்சாள் இலக்கின் கயிற்றை இறுக்கிப் பிடித்துக்கொண்டார்.

“சொல்லித்தான் இருப்பன்,” என்றார். “ரெண்டு நாள் கத்தியிருப்பன். நீயும் அழுதிருப்பாய். மூண்டாம் நாள் நானே பெட்டி வாங்கி வந்து சாமான் கட்டித் தந்திருப்பன். அந்த மூண்டு நாளையும் எனக்குத் தராமல் விட்டிட்டியள்.”

கீச்சென்று போனது. பின்னால் மணல் மேட்டில் புழுதி துள்ளியது.

“இழு,” என்றார்.

இரண்டுபேருமாகச் சட்டத்தை இறக்கினோம். ஓட்டை கறுப்பு வட்டத்தின் நட்டநடுவில் இருந்தது. மச்சாள் அதற்குள் சின்னி விரலை விட்டுப் பார்த்தார்.

“ஆரெண்டு தெரியேல்லை,” என்றார். “நல்லாச் சுடுறான்.”